1910இன் ஜேர்மன் போர்க்குரூசர் ஒன்றை வரைதல்: தண்ணீரிலிருந்து தொடங்கும் கணக்கு

கற்பனைப் போர்க்கப்பல் வரைபவர்களின் தாள்களில் முதல் வரியில் பெரும்பாலும் பீரங்கியின் அளவுதான் இருக்கும். அதற்குப் பிறகு வேகம், பிறகு கவசம். கப்பல் எந்தத் துறைமுகத்தில் கட்டப்படும், எந்த வாயிலால் வெளியே போகும், அடிபட்டுத் திரும்பினால் எங்கே ஏற்றிப் பழுது பார்ப்பார்கள் என்பதெல்லாம் கடைசியில் வரும், அல்லது வரவே வராது. ஜேர்மன் கப்பல் ஒன்றை வரையும்போது இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். ஜேர்மன் போர்க்குரூசர்களின் (பெரிய பீரங்கியும் குரூசரின் வேகமும் சேர்ந்த போர்க்கப்பல்களின்) உருவத்தைத் தீர்மானித்ததில் துறைமுகத்துத் தண்ணீருக்கும் நிலக்கரிக்கும் பெரிய பங்கு உண்டு. அதைக் கணக்கில் எடுக்காத வரைபு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஜேர்மன் கடற்படையின் வடகடல் தளமான வில்ஹெல்ம்ஸ்ஹாபெனுக்குச் சொந்தமான கப்பல் அல்ல.

திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இதைக் கண்ணால் கண்டு விளங்கிக்கொள்வது கொஞ்சம் கடினம். எங்கள் உட்துறைமுகம் இயற்கையாகவே ஆழமானது. வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மீற்றரைக்கூடத் தொடுவதில்லை. ஒஸ்டன்பேர்க் முனையைச் சுற்றி உள்ளே வரும் பெரிய கப்பல் நீர் ஏறட்டும் என்று காத்திருப்பதில்லை, எந்தக் கதவும் அதற்குத் திறக்கத் தேவையில்லை. வில்ஹெல்ம்ஸ்ஹாபென் இதற்கு நேர் எதிர். அங்கே நீர்மட்டம் நாளுக்கு இரண்டு தடவை 3 மீற்றருக்கு மேல் ஏறி இறங்கும். அதனால் கப்பல்கள் லொக் எனப்படும் இரட்டைக் கதவு நீர்ப்பூட்டுகளுக்குப் பின்னால் உள்ள தடாகத்தில்தான் நிற்க முடியும். கதவைத் தாண்டி வெளியே வந்தாலும் ஜாடே முகத்துவாரத்தில் மணல்திட்டு குறுக்கே கிடக்கிறது. 1914 ஓகஸ்ட் 28 ஹெலிகோலாண்ட் சண்டையில் பிரித்தானியக் கப்பல்கள் ஜேர்மன் இலகு குரூசர்களை அடித்துக்கொண்டிருந்தபோது, ஜேர்மன் பெருங்கப்பல்கள் அந்தத் திட்டைக் கடக்க முடியாமல் மதியம் வரை பெருக்குக்காக நின்றன. இதுதான் வரைபின் முதல் எல்லை.

இரண்டாவது எல்லை கேசர் வில்ஹெல்ம் கால்வாய். பால்டிக் கடலுக்கும் வடகடலுக்கும் இடையே கடற்படையை மறைவாக நகர்த்தும் வழி அது. பழைய லொக்குகளின் அகலம் 25 மீற்றர், நீளம் 150 மீற்றர். ட்ரெட்நோட் வகைப் பெரும் போர்க்கப்பல்கள் வந்ததுமே அது பயனற்றுப் போனது. 1907இல் தொடங்கி 1914 ஜூனில் முடிந்த விரிவாக்கம் 330 மீற்றர் நீளமும் 45 மீற்றர் அகலமும் கொண்ட புதிய லொக்குகளையும் 11 மீற்றர் ஆழத்தையும் கொடுத்தது. ஆகவே 1914க்குப் பிறகு சேவைக்கு வரும் கப்பலுக்குக் கால்வாய் அகலம் தடையல்ல. ஆனால் மிதவை டொக், உலர் டொக், ஜாடேயின் ஆழம் ஆகிய மூன்றும் தடையாகவே இருந்தன. முழுச் சுமையுடன் கப்பல் 9.2 மீற்றருக்கு மேல் அமிழக் கூடாது என்று தாளின் தலையிலேயே எழுதி வைத்துவிடுவது நல்லது.

எந்த ஆண்டில் நிற்கிறோம்

அடுத்தது ஆண்டு. கற்பனை வரைபில் மிக அதிகம் நடக்கும் பிழை, 1910இல் இருப்பவரின் கையில் 1916இன் அறிவைக் கொடுப்பது. 1916 ஜட்லாண்ட் கடற்சண்டையில் என்ன நடந்தது என்று தெரிந்தவர் தடித்த தளக்கவசம் போடுவார், டோபிடோ அறையை எடுத்துவிடுவார், பீரங்கிகளின் ஏற்றக்கோணத்தைக் கூட்டுவார். அப்படிச் செய்தால் அது வரலாற்று வரைபு அல்ல. ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் அந்த ஆண்டில் தெரிந்த காரணம் ஒன்றை எழுத முடியாவிட்டால் அந்த முடிவை விட்டுவிடுங்கள்.

இங்கே எடுத்துக்கொண்டது 1910 நிதியாண்டின் கப்பல். உண்மையில் அந்த இடத்தில் கட்டப்பட்டது சைட்லிற்ஸ். ஹம்பேர்க்கின் புளோம் உண்ட் ஃபொஸ் தளத்தில் 1911 பெப்ரவரியில் அடிக்கட்டை போடப்பட்டு, 1912 மார்ச்சில் நீரில் இறக்கப்பட்டு, 1913 மேயில் சேவைக்கு வந்தது. 24,988 தொன், பத்து 28 சென்ரிமீற்றர் பீரங்கிகள், செலவு சுமார் 4 கோடி 47 இலட்சம் தங்க மார்க். கேள்வி இதுதான்: அதே ஆண்டில், ஏறக்குறைய அதே எடையில், பத்து 28 சென்ரிமீற்றருக்குப் பதிலாக எட்டு 30.5 சென்ரிமீற்றர் போட்டிருக்க முடியுமா?

பீரங்கி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 50 கலிபர் நீளமுள்ள (குழல் வாய்விட்டத்தின் 50 மடங்கு நீளம்) 30.5 சென்ரிமீற்றர் பீரங்கியை 1908இல் கட்டத் தொடங்கிய ஹெல்கோலாண்ட் வகைப் போர்க்கப்பல்கள் ஏற்கெனவே பெற்றிருந்தன. குரூசர்களுக்கு 28 போதும் என்று இருந்ததற்குக் காரணம் எடை, பணம், குருப் பீரங்கிகளின் உயர்ந்த வாய்வேகத்தில் இருந்த நம்பிக்கை. தொழில்நுட்பம் தடையாக இருக்கவில்லை. ஆகவே இந்தக் கற்பனை நியாயமானது.

கணக்கைப் பார்ப்போம். 28 சென்ரிமீற்றர் ஷெல் 302 கிலோ. பத்து பீரங்கிகள் ஒரு தடவை சுட்டால் 3,020 கிலோ. 30.5இன் ஷெல் 405 கிலோ. எட்டுக்கு 3,240 கிலோ. இரண்டு பீரங்கி குறைந்தும் ஒரு வீச்சின் எடை கூடுகிறது. பெரிய ஷெல் தூரத்தில் வேகத்தைக் குறைவாக இழப்பதால் கவசத்தைத் துளைப்பதிலும் அதற்கே மேல்கை. பீரங்கிக் குழல் ஒன்று 28இல் 41.5 தொன், 30.5இல் ஏறத்தாழ 52 தொன். பத்துக்கு 415, எட்டுக்கு 416. குழல்களின் எடை மாறவே இல்லை. ஷெல் இருப்பும் அப்படியே: சைட்லிற்ஸில் 870 ஷெல்கள், 263 தொன், இங்கே பீரங்கிக்கு 90 வீதம் 720 ஷெல்கள், 292 தொன். கோபுரங்கள் ஐந்திலிருந்து நான்காகின்றன. இழப்பது ஒன்றே: பாதிப் பீரங்கிகளை மட்டும் சுடும் அரை வீச்சில் ஐந்து ஷெல்லுக்குப் பதில் நான்குதான் விழும். தூரத்தைத் திருத்த நான்கு போதும், அதற்குக் கீழே போனால்தான் சிக்கல்.

உடலின் அளவு

நீர்க்கோட்டில் நீளம் 200 மீற்றர், அகலம் 28.8, சாதாரணச் சுமையில் அமிழ்வு 8.3. மூன்றையும் பெருக்கினால் 47,808 கன மீற்றர். உடல் இந்தப் பெட்டியை எவ்வளவு நிரப்புகிறது என்பதே பெட்டிக் குணகம். வேகமான, அணியம் மெலிந்த கப்பலுக்கு 0.515 எடுக்கலாம். 24,621 கன மீற்றர் வருகிறது. கடல்நீரின் அடர்த்தி 1.025ஆல் பெருக்க 25,200 தொன் சொச்சம். பலர் 0.58, 0.60 என்று போட்டு எடையை இலவசமாகப் பெற்றுக்கொள்கிறார்கள். அந்தக் குணகம் 20 நொட் (மணிக்கு 20 கடல்மைல்) ஓடும் போர்க்கப்பலுடையது. 26 நொட்டில் அது அலையைத் தள்ளிக்கொண்டே போகும், குதிரைவலு கணக்குப் பொய்த்துவிடும்.

25,200 தொன்னை இப்படிப் பங்கிடுகிறேன்: உடற்கட்டு 7,560, கவசம் 9,070, இயந்திரம் 3,530, ஆயுதம் 2,650, சாதாரண நிலக்கரி 1,000, ஆட்களும் உணவும் நீரும் தளபாடமும் 1,010, ஒதுக்கம் 380. கவசம் 36 வீதம். அதே கால பிரித்தானியப் போர்க்குரூசர்களில் இந்தப் பங்கு தெளிவாகக் குறைவு. இன்வின்சிபிளின் பக்கக் கவசம் 6 அங்குலம், அதாவது 152 மி.மீ. மட்டுமே. ஜேர்மன் போர்க்குரூசர்களில் வரிசையாக வொன் டெர் டானில் 250, மொல்ட்கேயில் 270, சைட்லிற்ஸில் 300. தலைமை வடிவமைப்பாளர் ஹன்ஸ் பியூர்க்னரின் அலுவலகம் ஒவ்வொரு கப்பலிலும் இந்த எண்ணை மேலே தள்ளிக்கொண்டே போனது. ஏன் முடிந்தது? உலகம் சுற்றும் கடமை இல்லை, கொதிகலன்கள் எடை குறைந்தவை. இந்த இரண்டையும் பின்னால் பார்ப்போம்.

ஸ்பிரிங்ஷார்ப் போன்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துவோர் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். அது பக்கக் கவசத்துக்கு ஒரே தடிப்பைத்தான் கேட்கும். ஜேர்மன் கவசம் கீழ்விளிம்பில் மெலிந்து போகும். 2.2 மீற்றர் உயரத்துக்கு 300 மி.மீ., அதன் கீழ் 1.3 மீற்றருக்கு 300இலிருந்து 150 வரை சரிவு என்றால் சராசரி 272. அதைத்தான் உள்ளிட வேண்டும். 300 என்று போட்டால் இல்லாத எடையைச் சுமந்துகொண்டு வேறு எதையோ வெட்டுவீர்கள்.

கோபுரங்களும் சமநிலையும்

சைட்லிற்ஸில் முன்னால் ஒன்று, நடுவில் இரு பக்கமும் மூலைவிட்டமாக இரண்டு, பின்னால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. நடுவில் உள்ள இரண்டும்தான் தொல்லை. எதிர்ப்பக்கம் சுடும்போது கோணம் குறுகியது, வெடிப்பழுத்தம் மேற்கட்டுமானத்தைத் தாக்கும். இன்னும் முக்கியம், அவற்றின் வெடிமருந்து அறைகள் கப்பலின் பக்கத்தை நெருங்கியிருக்கும், கொதிகலன் அறைகளுக்கு நடுவே சூட்டோடு இருக்கும். நான்கு கோபுரங்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தால் இவை எல்லாம் தீரும்.

ஆனால் முன்னாலும் மேலடுக்குக் கோபுரம், அதாவது முன்னிருப்பதற்கு மேலாகச் சுடும் உயர்ந்த கோபுரம், வைக்க வேண்டும். அதன் விலையைக் கணக்கிட்டே ஆக வேண்டும். பார்பெட் என்பது கோபுரத்தின் கீழே நிற்கும் கவச உருளை. விட்டம் 9 மீற்றர், தடிப்பு 230 மி.மீ. என்றால் ஒவ்வொரு மீற்றர் உயரத்துக்கும் 51 தொன். மேலடுக்கு 2.8 மீற்றர் கூடுதல் உயரம், ஆக 143 தொன். சுழலும் பகுதி 550 தொன் என எடுத்து அதையும் 2.8 மீற்றர் தூக்குகிறோம். 550ஐ 2.8ஆல் பெருக்க 1,540. பார்பெட் வளையம் கப்பலின் எடைமையத்துக்கு 8 மீற்றர் மேலே. 143ஐ 8ஆல் பெருக்க 1,144. கூட்டி 25,200ஆல் வகுத்தால் எடைமையம் 10 சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகமாக ஏறுகிறது. முன்னும் பின்னும் இரண்டு மேலடுக்குகள் என்பதால் 21 சென்ரிமீற்றர். வள்ளத்தில் ஈர வலையை அணியத்து மேற்பலகையில் குவித்துவைத்து வாடைக்காற்றில் போய்ப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் உடம்பிலேயே தெரியும்.

இழந்ததை மீட்க அகலம்தான் வழி. நீர்க்கோட்டின் அகலம் சாய்வை நிமிர்த்தும் சக்தியை மும்மடிப் பெருக்கத்தில் கூட்டுகிறது. இந்த உடலுக்கு அகலத்தில் 30 சென்ரிமீற்றர் கூட்டினால் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் திரும்பக் கிடைக்கும். சைட்லிற்ஸின் 28.5ஐ 28.8 ஆக்கியதன் காரணம் இதுவே. விளைவாக, நிமிர்த்தும் சக்தியின் அளவுகோலான, எடைமையத்துக்கும் சாய்மையத்துக்கும் இடையிலான உயரம் 2.8 மீற்றர் அளவில் நிற்கிறது. சைட்லிற்ஸுக்கு 3.12, அதற்கு அடுத்து வந்த டெர்ஃப்லிங்கருக்கு 2.60. இன்னும் கூட்டினால் நல்லதுதானே என்று தோன்றும். கூடாது. கப்பல் ஆடும் நேரத்தை அகலத்தின் 0.8 மடங்கை அந்த உயரத்தின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பெறலாம்; இங்கே 13.8 செக்கன். உயரம் கூடக்கூட ஆட்டம் வேகமாகும், குறிவைப்பவர் தொலைநோக்கியில் இலக்கைப் பிடித்துவைக்க முடியாது. வொன் டெர் டானில் ஆட்டத்தைக் குறைக்க ஃப்ராம் நீர்த்தொட்டிகள் வைத்தார்கள். மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. பிறகு அடிப்பக்கத்தில் துடுப்புக் கட்டைகள் பொருத்தி, தொட்டிகளை எரிபொருளுக்குக் கொடுத்துவிட்டார்கள். நேராகத் துடுப்புக் கட்டை போடுங்கள்.

முன் கோபுரத்தை எவ்வளவு முன்னால் வைக்கலாம் என்பதும் ஒரு பொறி. அணியத்தில் உடல் மெலிவதால் அங்கே 9 மீற்றர் பார்பெட்டுக்கு இரு பக்கமும் மிச்சம் கொஞ்சம்தான். கீழே வெடிமருந்து அறையின் மட்டத்தில் இன்னும் குறுகல். அணிய முனையிலிருந்து 48 மீற்றருக்கு முன்னால் அதன் நடுப்புள்ளியைப் போகவிடாதீர்கள். போனால் டோபிடோத் தடுப்புச் சுவர் வெடிமருந்து அறையோடு ஒட்டிவிடும், கனத்த எடை முன்னால் போய் அணியமும் அலைக்குள் குத்தும். பின் கோபுரங்கள் இரண்டையும் இயந்திர அறையால் பிரித்து வைப்பது நல்லது. ஒரே அடியில் இரண்டும் போகாது. டெர்ஃப்லிங்கரில் செய்ததும் இதுதான்.

கவசம் எங்கே நிற்கும்

300 மி.மீ. பட்டை 100 மீற்றர் நீளம், 2.2 மீற்றர் உயரம், இரு பக்கம். எஃகின் அடர்த்தி 7.85 என்றால் 1,036 தொன். கீழ்ச்சரிவு 459. அதன் மேலே 230 மி.மீ. பட்டை 2.4 மீற்றர் உயரத்துக்கு 867. பக்கக் கவசம் மட்டும் 2,362 தொன், மொத்தக் கவசத்தில் கால் பங்குக்குச் சற்று மேல். பின்னால் 50 மி.மீ. தேக்குப் பலகை உண்டு. அதன் எடையைப் பலரும் மறந்துவிடுவார்கள்.

தடித்த பட்டையின் இடம் சாதாரணச் சுமையில் நீர்க்கோட்டுக்கு 1.8 மீற்றர் மேல், 0.4 மீற்றர் கீழ். இப்போது நிலக்கரியை நிரப்புங்கள். இந்த உடலை ஒரு சென்ரிமீற்றர் அமிழ்த்த ஏறத்தாழ 39.6 தொன் தேவை. கூடுதல் நிலக்கரி, கொதிகலன் நீர், உணவு எல்லாம் சேர்ந்து 3,400 தொன் ஏறினால் கப்பல் 86 சென்ரிமீற்றர் இறங்கும். 1.8 மீற்றர் 0.94 ஆகிவிடும். அமிழ்வு 9.16. தாளின் தலையில் எழுதிய 9.2ஐ நூலிழையில் தாண்டாமல் நிற்கிறது. துறைமுகத்திலிருந்து புறப்பட்டு ஒரு நாளுக்குள் சண்டை என்ற வடகடல் நிலையில் கப்பல் நிறைந்த சுமையோடுதான் சண்டையிடும். அந்த நிலையில் மீதமிருக்கும் உயரத்தைத் தாளில் தனியாக எழுதுங்கள். சாதாரணச் சுமையில் மட்டும் அழகாக இருக்கும் கவசத்தால் பயனில்லை.

தளக்கவசம் தட்டையில் 30, சரிவில் 50 மி.மீ. இன்றைய கண்ணுக்கு இது மெல்லியது. 1910இல் எதிர்பார்த்த சண்டைத் தூரம் 10 கிலோமீற்றருக்குள். அந்தத் தூரத்தில் ஷெல் தாழ்வாகப் பறந்து பக்கத்தில்தான் மோதும். பீரங்கியின் ஏற்றக்கோணமும் 13.5 பாகையே, அதில் 18 கிலோமீற்றர் போகும். இதை மாற்ற அந்த ஆண்டில் காரணம் கிடையாது. விட்டுவிடுகிறேன்.

நீருக்குக் கீழே வெளித்தகட்டிலிருந்து 4 மீற்றர் உள்ளே டோபிடோத் தடுப்புச் சுவர், 45 மி.மீ. வெளியே வெற்றறை, அதற்கும் சுவருக்கும் நடுவே நிலக்கரி. வெடிப்பு வெற்றறையில் விரியும், நிலக்கரி துண்டுகளைப் பிடிக்கும். இங்கே நடைமுறை ஒழுங்கு ஒன்று உண்டு: சுவருக்கு உள்ளே இருக்கும் அறைகளின் நிலக்கரியை முதலில் எரிக்க வேண்டும், காப்பு நிலக்கரியைக் கடைசியில். சுவரில் நிலக்கரி எடுக்கும் கதவுகள் குறைவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கதவும் ஒரு ஓட்டை. கரித்தூள் விளிம்பில் படிந்தால் இறுக மூடாது.

ஜேர்மன் கப்பல்களின் உண்மையான பலவீனம் முன்பக்கத்தில் இருந்தது. அணியத்தில் பக்கவாட்டு டோபிடோக் குழாய்களுக்கான பெரிய, பிரிக்கப்படாத அறை, தடுப்புச் சுவரின் காப்புக்கு வெளியே. ஜட்லாண்டில் லுட்சோவ் என்ற போர்க்குரூசர் அங்கிருந்துதான் நீர் நிறைந்து கைவிடப்பட்டது. சைட்லிற்ஸ் 5,300 தொன் நீரைச் சுமந்துகொண்டு பின்புறமாக இழுக்கப்பட்டு ஜாடேக்கு வந்தது. லொக்குக்குள் நுழைய முன்பக்கத்தை எடை குறைக்க வேண்டியிருந்தது. முன் கோபுரத்தின் பீரங்கிகளையே இறக்கினார்கள். 1910இன் வரைபில் டோபிடோக் குழாய் வேண்டாம் என்று எந்தத் தளபதியும் கையெழுத்திட மாட்டார், ஆகவே அதை எடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் பக்கவாட்டுக் குழாய்களைப் பின் கோபுரத்துக்குப் பின்னால் தள்ளி, அறையை நடுவே நீள்சுவரால் இரண்டாகப் பிரிக்கலாம். அணியத்தில் ஒரு குழாய் மட்டும். அகலமான அறை அரைவாசி நிரம்பினால் கப்பல் சாயும் என்பது 1910இல் ஒவ்வொரு வடிவமைப்பாளருக்கும் தெரிந்த பாடம். அந்தக் காரணம் போதும்.

இயந்திரமும் நிலக்கரியும்

குதிரைவலுவுக்கு எளிய வழி, இருக்கும் கப்பலின் குணகத்தை எடுப்பது. எடையின் மூன்றில் இரண்டாம் படியை வேகத்தின் மும்மடியால் பெருக்கிக் குதிரைவலுவால் வகுத்தால் சைட்லிற்ஸுக்கு, 63,000 குதிரைவலுவில் 26.5 நொட் என்ற வரைபு எண்ணின்படி, 252 வருகிறது. நம் கப்பலுக்கு அதே குணகத்தில் 26.5 நொட்டுக்கு 63,500. வேகம் கூடினால் குணகம் விழும் என்பதை மறக்கக் கூடாது. சோதனை ஓட்டத்தில் சைட்லிற்ஸ் 89,738 குதிரைவலுவில் 28.1 நொட்தான் ஓடியது. குணகம் 211க்கு இறங்கிவிட்டது. கடைசி 1.6 நொட்டுக்கு 26,000 குதிரைவலுவுக்கு மேல். கற்பனை வரைபில் 30 நொட் என்று எழுதுபவர்கள் இந்த ஒரு வரியைச் செய்து பார்த்தாலே போதும்.

நான்கு தண்டுகள், பார்சன்ஸ் டர்பைன் இரண்டு தொகுதி, பற்சக்கரம் இல்லாமல் நேரடி இணைப்பு. டர்பைன் வேகமாகச் சுழல விரும்பும், உந்துவிசிறி மெதுவாகச் சுழல விரும்பும். நேரடி இணைப்பில் இரண்டுக்கும் நடுவே சமரசம்தான், சிறுவேகத்தில் எரிபொருள் வீணாகும். நடுத்தண்டில் டீசல் வைத்தால் இது தீரும் என்று எல்லோருக்கும் ஆசை வரும். பிரின்ஸ்ரெஜென்ட் லூயிட்போல்ட் போர்க்கப்பலுக்கு அதே திட்டம் இருந்தது. டீசல் வந்து சேரவே இல்லை, கப்பல் இரண்டு தண்டுகளோடு ஓடியது. அந்த வழியில் போக வேண்டாம்.

கொதிகலன் 27, சிறுகுழாய் ஷுல்ஸ் வகை. ஒவ்வொன்றும் 2,350 குதிரைவலு. பிரித்தானியா தன் போர்க்குரூசர்களில் பெரிய குழாய்களோடு நின்றது. சிறுகுழாய் ஒரே எடையில் அதிக நீராவி தரும், இடமும் மிச்சம். அந்த எடை கவசமாக மாறுகிறது. விலை பராமரிப்பில் வரும். குழாய்கள் அடைபடும், கசியும், அடிக்கடி மாற்ற வேண்டும். மத்தியதரைக் கடலில் இருந்த ஜேர்மன் போர்க்குரூசர் கோபென் 1914இல் போலா துறைமுகத்தில் 4,000க்கும் மேற்பட்ட கொதிகலன் குழாய்களை மாற்றிய பிறகுதான் ஓடத் தகுதி பெற்றது. சொந்தத் துறைமுகம் அருகில் இருந்தால் இந்தப் பலவீனம் பொறுக்கத் தக்கது.

குதிரைவலு மணிக்கு 0.7 கிலோ நிலக்கரி என்றால் முழுவேகத்தில் மணிக்கு 44 தொன். சாதாரணச் சுமையின் 1,000 தொன் 22 மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். 3,600 தொன் நிரப்பினாலும் கணக்கில் 81 மணித்தியாலம். நடைமுறையில் அவ்வளவும் கிடைக்காது. தொலைவிலுள்ள அறைகளின் நிலக்கரியை மனிதர்கள் கூடையிலும் தள்ளுவண்டியிலும் கொண்டுவர வேண்டும். முதல் நாளுக்குப் பிறகு தீயில் சாம்பல் கட்டி பிடிக்கும், ஆட்கள் களைப்பார்கள், வேகம் இறங்கும்.

எண்ணெய் ஏன் இல்லை? திருகோணமலைச் சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர். பிரித்தானியா தன் கடற்படையை எண்ணெய்க்கு மாற்றிய பிறகு அதைத் தாங்கிப் பிடிக்க உலகின் பாதைகளில் கட்டிய கிடங்குகளில் ஒன்று இது. ஜேர்மனியிடம் அப்படியொரு பாதையும் இல்லை, பாதுகாப்பான எண்ணெய் ஊற்றும் இல்லை. ரூர் பள்ளத்தாக்கில் நிலக்கரி இருந்தது. போதாததற்கு நிலக்கரி கவசமாகவும் வேலை செய்தது. ஆகவே முழு நிலக்கரி, தீக்கு மேல் எண்ணெய் தெளிக்கும் வசதி மட்டும்.

இதே கப்பலை இந்து சமுத்திரத்துக்கு அனுப்பும் வரைபுகளையும் அடிக்கடி காணலாம். எம்டன் 1914 செப்ரெம்பரில் சென்னையை அடித்த பாதையில் ஒரு போர்க்குரூசர் வந்தால் என்ற கற்பனை கவர்ச்சியானதுதான். ஆனால் கிழக்கில் ஜேர்மனிக்கு இருந்த ஒரே தளம் சிங்டாவ், அங்கே மிதவை டொக் தூக்கியது 16,000 தொன். 25,200 தொன் கப்பலுக்கு அடி சுத்தம் செய்யவே இடமில்லை. வெப்பக் கடலில் அடியில் பாசியும் சிப்பியும் ஏறினால் சில மாதத்தில் ஒன்றிரண்டு நொட் போய்விடும். போர்க்குரூசர் எண்ணத்தின் தந்தையான பிரித்தானியக் கடற்படைத் தலைவர் ஃபிஷர் 1905 அளவில் வெளிநாட்டுத் தளங்களைச் சுருக்கியபோது திருகோணமலைக் கப்பற்தளமும் அந்தப் பட்டியலில் இருந்தது. வேகமான கப்பல் தூரத்தைக் கவனித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. தளம் சுருங்கினாலும் பிரித்தானியாவிடம் ஏடனும் சிங்கப்பூரும் மிஞ்சியிருந்தன. ஜேர்மனிக்கு அந்த மிச்சம் இல்லை.

எடை மீறினால்

கூட்டிப் பார்க்கும்போது எடை மீறும். எப்போதும் மீறும். 380 தொன் ஒதுக்கத்தை முதலில் விழுங்குவது உடற்கட்டு. பிறகு தேக்கு, கொதிகலனில் நிற்கும் நீர், டோபிடோ வலைகள், 15 சென்ரிமீற்றர் பீரங்கிகளின் ஷெல் இருப்பு. வெட்டும் வரிசை என்னுடையது இது: முதலில் பின் கட்டளைக் கோபுரத்தின் தடிப்பு, பிறகு பன்னிரண்டு 15 சென்ரிமீற்றரில் முன்பக்க இரண்டு. அவை அலையடிக்கும் இடத்தில் இருப்பதால் கரடுமுரடான கடலில் எப்படியும் சுட முடியாது. பக்கக் கவசத்தின் தடித்த பட்டையைத் தொட வேண்டாம். அங்கே ஒரு சென்ரிமீற்றர் எடுத்தாலும் 34 தொன்தான் கிடைக்கும், இழப்போ பெரிது.

அதிகம் தருவது வேகம். 26.5ஐ 26 ஆக்கினால் தேவையான வலு 63,500இலிருந்து ஏறத்தாழ 60,000க்கு இறங்கும். தொன்னுக்கு 18 குதிரைவலு என்ற இந்த இயந்திரத்தில் அது சுமார் 200 தொன். அரை நொட்டை எந்தச் சண்டையும் கவனிக்கப் போவதில்லை; நல்ல நிலக்கரிக்கும் கெட்ட நிலக்கரிக்கும் உள்ள வித்தியாசமே அதைவிட அதிகம். நான் அதை வெட்டி, நான்கு பார்பெட்டுகளையும் 230இலிருந்து 260 மி.மீ.க்கு ஏற்றுவேன். உயரத்தின் ஒவ்வொரு மீற்றருக்கும் 6.7 தொன் கூடும். வெளியே தெரியும் உயரம் நான்கிலும் சேர்ந்து 20 மீற்றர் என்றால் 135 தொன். காரணம் 1910இலேயே தெளிவு: பார்பெட்டில் ஒரு துளை விழுந்தால் போவது கப்பலின் பீரங்கி வலுவில் கால் பங்கு, அதன் கீழே வெடிமருந்து அறை. 1915 ஜனவரி 24 டொகர் பாங்கில் சைட்லிற்ஸின் பின் பார்பெட்டில் 13.5 அங்குல ஷெல் மோதியபோது அங்கே இருந்தது 230 மி.மீ. நெருப்பு உள்ளே பாய்ந்து பக்கத்துக் கோபுரத்துக்கும் பரவி 159 பேர் இறந்தார்கள். வெடிமருந்து அறைக்கு நீர் திறந்துவிட்ட வில்ஹெல்ம் ஹைட்கம்ப் கப்பலைக் காத்தார். 260 அந்த ஷெல்லைத் தடுத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பின் கோபுரங்களின் வேலையறைகளுக்கு இடையே கதவு இல்லாத எஃகுச் சுவர் இருந்திருந்தால் ஒன்றாவது மிஞ்சியிருக்கும். நம் வரைபில் அவற்றுக்கு நடுவே இயந்திர அறை இருப்பதால் அந்தக் கதவுக்கே இடமில்லை. முன் கோபுர ஜோடிக்கு அதைத் தனியாக வரைய வேண்டும்: 20 மி.மீ. தடுப்புச் சுவர், கதவில்லாமல், வேலையறையிலிருந்து அடித்தளம் வரை. சுமார் 20 தொன். 200இல் மிஞ்சிய 65இலிருந்து அதை எடுங்கள். மீதி 45 ஒதுக்கத்துக்குத் திரும்பட்டும்.